தாரமங்கலம் சாலையில் 600 வீடு வந்தால் டவுன் பஸ் என்ன ஆகும்? சுற்றுச்சூழல் ஆய்வு பார்ப்பதும் விடுவதும்

வந்த கேள்வியின் சாரம் இது. சேலத்தில் தாரமங்கலம் சாலையை ஒட்டி விவசாய நிலமாக இருந்த இடத்தில் 600 வீடுகளும் கீழ்த்தளத்தில் கடைகளுமாக ஒரு குடியிருப்பு வரப்போகிறது. கட்டுமானப் பரப்பு சுமார் 70,000 சதுர மீட்டர். சுற்றுச்சூழல் அனுமதிக்கு மனுப் போட்டுவிட்டார்கள். ஊருக்கு இருப்பதோ இரண்டு டவுன் பஸ், காலையில் படிக்கட்டு வரை கூட்டம். "இந்த ஆய்வில் எங்கள் பஸ்ஸை யாராவது கணக்கில் எடுப்பார்களா? எங்கே போய்க் கேட்பது?"

எடுத்துக்கொள்ளச் சொல்லி விதி இருக்கிறது. ஆனால் யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால், அந்த அறிக்கையில் உங்கள் பஸ் 'கனரக வாகனம்' என்ற கட்டத்தில் ஓர் எண்ணாக மட்டும் இருக்கும். இத்தகைய அறிக்கைகளின் போக்குவரத்துப் பகுதியைப் படிப்பதும் திருத்துவதும் என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எந்தச் சட்டம் என்று பார்த்துவிடலாம். 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் இன்றைக்கும் அடிப்படை. அதன் பட்டியலில் 8(அ) என்ற இனம், 20,000 சதுர மீட்டர் முதல் 1,50,000 சதுர மீட்டருக்குள் கட்டுமானப் பரப்பு உள்ள கட்டடங்களுக்கானது. அதற்கு மேல் போனாலோ, நிலமே 50 ஹெக்டேரைத் தொட்டாலோ 8(ஆ). நீங்கள் சொல்லும் திட்டம் 8(அ)வில் விழுகிறது. டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. சென்னையில் இருக்கும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையமும் அதற்கு ஆலோசனை சொல்லும் நிபுணர் குழுவுமே முடிவெடுப்பார்கள்.

50 ஹெக்டேர் என்றால் கிட்டத்தட்ட 123 ஏக்கர். சேலத்தைச் சுற்றிக் கொடி கட்டி விற்கும் மனைப்பிரிவுகளில் பெரும்பாலானவை இந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. பத்து ஏக்கர், இருபது ஏக்கர் மனைப்பிரிவு வரிசையாகப் பத்து வந்து ஒரு சாலையின் தலையெழுத்தையே மாற்றினாலும் சுற்றுச்சூழல் அனுமதி என்ற வாசலுக்கு அவற்றில் ஒன்றும் வர வேண்டியதில்லை. அந்த வகையில் உங்கள் ஊருக்கு வாய்ப்பு உண்டு என்றுதான் சொல்வேன். பெரிய திட்டம் என்பதாலேயே கேள்வி கேட்க ஒரு கோப்பு கிடைத்திருக்கிறது.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. நிலத்தின் பயன்பாடு மாறுவதையே ஆராயும் சுற்றுச்சூழல் ஆய்வு நம்மிடம் இல்லை. விவசாய நிலத்தைக் குடியிருப்பாகவோ வணிகமாகவோ மாற்றுவது தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இன்படி நடக்கும் தனி வேலை. முழுமைத் திட்டம் (எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் மாஸ்டர் பிளான்) உள்ள பகுதியென்றால் சட்டத்தின் 32(4) பிரிவின்படி திட்டத்தில் மாறுதல் செய்வார்கள். திட்டமில்லாப் பகுதியென்றால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் இசைவும் 2017 விதிகளும். பிறகு சுற்றுச்சூழல் அனுமதிக்கு வரும்போது, விண்ணப்பத்தோடு நிரப்பித் தரும் படிவம் 1அ முதல் கேள்வியாக, திட்டத்தின் நிலப் பயன்பாடு முழுமைத் திட்டத்தோடு ஒத்துப்போகிறதா, மாற்றம் இருந்தால் ஒப்புதல் எங்கே என்று கேட்கும். விண்ணப்பதாரர் அரசாணையின் நகலை வைத்துவிடுவார். கேள்வி அத்தோடு முடிந்தது. மாற்றம் நல்லதா, அந்தச் சாலையில் ஓடும் பஸ் அதைத் தாங்குமா என்பதெல்லாம் அங்கே எழுவதில்லை.

கலிபோர்னியாவில் வேறு மாதிரி. அங்கே 1970இல் வந்த மாநிலச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி நிலப் பயன்பாட்டு வகையை மாற்றுவதே ஆய்வுக்குரிய 'திட்டம்'. கட்டடம் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. ஆய்வுப் பட்டியலில் பொதுப் போக்குவரத்து, சாலை, மிதிவண்டி, நடைபாதை பற்றிய திட்டங்களோடு இது முரண்படுகிறதா என்று நேரடிக் கேள்வியே உண்டு. அங்கேயும் வெகுகாலம் சந்திப்பில் கார் எத்தனை நொடி நிற்கிறது என்பதைத்தான் அளந்தார்கள். அதனால் பஸ் தடம் போடுவதே 'சுற்றுச்சூழல் பாதிப்பு' என்று பதிவாகும் வேடிக்கை நடந்தது. 2013இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, 2020 ஜூலை முதல் மாநிலம் முழுக்க அந்த அளவுகோலை மாற்றினார்கள். ஒரு திட்டம் எத்தனை வாகன மைல் கூடுதலாக ஓட வைக்கிறது என்பதே இப்போதைய அளவுகோல். முக்கிய ரயில், பஸ் நிறுத்தங்களிலிருந்து அரை மைலுக்குள், அதாவது சுமார் 800 மீட்டருக்குள் வரும் திட்டங்களுக்குப் பெரும்பாலும் போக்குவரத்துப் பாதிப்பு குறைவு என்ற அனுமானத்தோடு தொடங்குகிறார்கள். பஸ்ஸில் புதிதாக ஆள் ஏறுவதைப் பாதகமாக எண்ணக் கூடாது என்றும் அங்கே வழிகாட்டுதல் இருக்கிறது. இதே 600 வீடு பழைய பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் வந்தால் ஒரு கணக்கு, தாரமங்கலம் சாலையில் வந்தால் வேறு கணக்கு என்பது அந்த முறையில் தானாகவே தெரிந்துவிடும். நம் முறையில் இரண்டுக்கும் ஒரே படிவம்.

சரி, நம் படிவத்தில் என்னதான் இருக்கிறது? 1அ படிவத்தில் காற்று பற்றிய பகுதியில்தான் போக்குவரத்து ஒளிந்திருக்கிறது. வாகனம் நிறுத்த இடப் பற்றாக்குறை வருமா, இப்போதுள்ள போக்குவரத்து வசதி எந்த நிலையில் இருக்கிறது, அதை மேம்படுத்த என்ன செய்வீர்கள், நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் நெரிசலை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்கும். அடுத்து உட்சாலை, மிதிவண்டித் தடம், நடைபாதை எவ்வளவு என்று கேட்கும். முதல் கேள்வியே பார்க்கிங் என்பதைக் கவனியுங்கள். அதனால் ஆலோசகர் பார்க்கிங் எண்ணிக்கையைத் தாராளமாகக் காட்டி அந்தப் பகுதியை நிரப்பிவிடுவார். தாராளமான பார்க்கிங் தாராளமான கார்களைக் கூப்பிடும், அவை உங்கள் பஸ்ஸுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் என்பதைப் படிவம் கேட்பதில்லை. 'இப்போதுள்ள போக்குவரத்து வசதி' என்ற சொற்றொடர்தான் உங்களுக்குப் பிடிமானம். அதற்குப் பதிலாக "அருகில் பேருந்து நிறுத்தம் உள்ளது, தூரம் 200 மீட்டர்" என்று ஒரே வரி இருந்தால், அது பதிலே அல்ல என்று நீங்கள் எழுதலாம்.

இனி போக்குவரத்து ஆய்வுக்கு வருவோம். பெரும்பாலான அறிக்கைகளில் உயிர்நாடி ஓர் அட்டவணைதான்: சாலையில் உச்ச நேரத்தில் ஓடும் வாகன அளவு, அதைச் சாலையின் கொள்ளளவால் வகுத்து வரும் விகிதம். எல்லா வண்டியையும் காராக மாற்றி எண்ணுவார்கள். இதற்குச் சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலை காங்கிரஸ் 1990இல் வெளியிட்ட 106ஆம் எண் வழிகாட்டி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கார் என்றால் 1. இருசக்கர வாகனம், மொத்தப் போக்குவரத்தில் அதன் பங்கு பத்து சதவீதத்தைத் தாண்டினால் 0.75. பஸ்ஸோ லாரியோ, பங்கு ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் 2.2, பத்தைத் தாண்டினால் 3.7. அறுபது பேரை ஏற்றி வரும் டவுன் பஸ் இந்த அட்டவணையில் இரண்டேகால் காருக்குச் சமமான இடைஞ்சல். அதே அறுபது பேர் பைக்குக்கு ஒன்றரை ஆள் வீதம் வந்தால் 40 பைக், 30 கார் அளவு. ஆளை எண்ணினால் பஸ் எவ்வளவு சிக்கனம் என்று தெரியும். அட்டவணை ஆளை எண்ணுவதில்லை.

கொள்ளளவு பக்கம் இன்னும் சுவாரசியம். உங்கள் சாலை இருவழி என்று வைத்துக்கொள்வோம். இப்போது உச்ச நேரத்தில் மணிக்கு 850 அலகு (ஒரு கார் ஓர் அலகு) ஓடுகிறது, குடியிருப்பிலிருந்து காலையில் 150 காரும் 250 பைக்கும் வெளியே வரும் என்று ஒரு கற்பனைக் கணக்கு. 150 அலகும் 187 அலகும் சேர்ந்து கிட்டத்தட்ட 338. மொத்தம் 1,188. இதே வழிகாட்டி இருவழிச் சாலைக்கு மூன்று கொள்ளளவு தருகிறது. ஓரத்தில் வாசல்களே திறக்காத, வண்டி நிற்காத பெருஞ்சாலை என்றால் மணிக்கு 1,500. வாசல் உண்டு, ஆனால் வண்டி நிற்காது என்றால் 1,200. தாராளமாக வாசல்கள், நிற்கும் வண்டிகள், குறுக்கே போகிறவர்கள் என்றால் 900. ஆக விகிதம் 0.79, 0.99, 1.32 என்று மூன்று விதமாகவும் வரும். முதல் எண்ணைப் போட்டால் "சாலை நல்ல நிலையில் தாங்கும்" என்று முடிவுரை எழுதிவிடலாம். மூன்றாவதைப் போட்டால் திட்டமே தடுமாறும். டீக்கடை, பஞ்சர் கடை, மாலையில் தள்ளுவண்டி, எதிர்த்திசையில் வரும் பைக் என்று இருக்கும் நம் ஊர்ச் சாலையை முதல் வகையில் சேர்த்திருந்தால் அதை மட்டும் சுட்டிக்காட்டினாலே நிபுணர் குழு விளக்கம் கேட்க வாய்ப்புண்டு. போட்டோ நான்கு போதும், காலை எட்டு மணிக்கு எடுத்தது.

எண்ணிய நாளையும் பாருங்கள். பள்ளி விடுமுறையிலோ, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு ஊரே உள்ளூர் விடுமுறையில் இருக்கும்போதோ எண்ணியிருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

இதற்கெல்லாம் அப்பால் பஸ்ஸுக்கு வரும் உண்மையான பாதிப்பு எந்த அட்டவணையிலும் வராது. அது டிரிப் கணக்கில்தான் வரும். ஒரு பஸ் பழைய பஸ் நிலையத்திலிருந்து உங்கள் ஊருக்கு 35 நிமிடம், திரும்ப 35 நிமிடம், இரு முனையிலும் ஐந்தைந்து நிமிட நிறுத்தம் என்று ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று 80 நிமிடம், 12 மணி நேரத்தில் ஒன்பது சுற்று. குடியிருப்பின் வாசலில் போகும்போது ஐந்து, வரும்போது ஐந்து நிமிடம் தாமதமானால் சுற்று 90 நிமிடம். அதே 12 மணி நேரத்தில் எட்டு சுற்றுதான். காணாமல் போன அந்த ஒரு சுற்று எது? கலெக்‌ஷன் குறைந்த டிரிப்பாகத்தான் இருக்கும். மத்தியான டிரிப், இல்லையென்றால் ராத்திரி கடைசி டிரிப். வாசலில் ஐந்து நிமிட நெரிசல், பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடைசி ஊரில் ஜவுளிக் கடை வேலை முடிந்து திரும்பும் ஒரு பெண்ணின் கடைசி பஸ்ஸைப் பறிக்கும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் இந்த பஸ்ஸை நம்பியிருப்பவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'ஐந்து நிமிடத் தாமதம்' என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். 'ஒரு நாளைக்கு ஒரு டிரிப் கட்' என்று எழுதுங்கள், புரியும்.

நடைமுறையில் இன்னொரு முடிச்சும் உண்டு. வீடு கட்ட அனுமதி தருபவருக்கும் பஸ் விடுபவருக்கும் தொடர்பே இல்லை. அரசுப் போக்குவரத்துக் கழகம் கலெக்‌ஷனையும் வண்டி, ஆள் இருப்பையும் பார்த்து டிரிப் போடும். தனியார் டவுன் பஸ், மினி பஸ் என்றால் மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட், தடம், நேரம் எல்லாம் வேறு மேசை. சென்னைக்காவது 2010 சட்டத்தின் மூலம் ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் என்று ஒன்று இருக்கிறது. சேலத்துக்கு அப்படி ஏதும் இல்லை. எனவே "கூடுதல் பஸ் விடப்படும்" என்று ஒரு கட்டுமான நிறுவனம் அறிக்கையில் எழுதியிருந்தால் அதற்கு மதிப்பு கிடையாது. அது அவர்கள் கையில் இல்லாத விஷயம்.

அவர்கள் கையில் இருப்பதை மட்டும் நிபந்தனையாகக் கேளுங்கள். நுழைவாயிலை பஸ் நிறுத்தத்தை விட்டுத் தள்ளி வைப்பது. சாலையோரத்தில் தங்கள் நிலத்திலிருந்தே நிறுத்தத்துக்கும் நிழற்குடைக்கும் இடம் ஒதுக்குவது. வாயிலிலிருந்து நிறுத்தம் வரை தொடர்ச்சியான நடைபாதை, விளக்கு, கடக்குமிடம். கடைகளுக்கு லோடு இறக்கும் நேரத்தைக் காலை, மாலை உச்ச நேரத்துக்கு வெளியே வைப்பது. முதல் கட்ட வீடுகளில் ஆள் குடியேறியபின் சாலையை மறுபடி எண்ணிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவது. பஸ் உள்வாங்கி நிற்கும் வளைவு வேண்டும் என்று பலர் கேட்பார்கள். எனக்கு அதில் பாதி மனதுதான். நெரிசல் சாலையில் வளைவுக்குள் போன பஸ் திரும்ப வெளியே வர யாரும் வழிவிடுவதில்லை. இரண்டே மாதத்தில் அது ஆட்டோ நிறுத்தமாகிவிடும்.

கட்டுமானக் காலத்தையும் மறந்துவிடாதீர்கள். பழைய பஸ் நிலையத்தை இடித்து ஈரடுக்காகக் கட்டிய காலத்தில் டவுன் பஸ்கள் போஸ் மைதானத்துக்கு மாறிய அனுபவம் சேலத்துக்காரர்களுக்கு இருக்கிறது. அங்கே பஸ்ஸுக்கு மாற்று இடமாவது தந்தார்கள். தனியார் கட்டுமானத்தில் ரெடிமிக்ஸ் லாரி நிறுத்தத்தின் மேலேயே நிற்கும், கேட்க ஆளிருக்காது.

உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆயுதம் ஒன்று உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. கட்டுமானத் திட்டங்களுக்கு மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வகுத்துள்ள பொது நிபந்தனைகளில் போக்குவரத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. மோட்டார் வாகனம், நடை, மிதிவண்டி, பொதுப் போக்குவரத்து எல்லாம் அடங்கிய ஒருங்கிணைந்த போக்குவரத்துத் திட்டம் தயாரிக்க வேண்டும். ஐந்து கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள சாலைகளின் இப்போதைய சேவைத் தரம் (நெரிசலின்றி வண்டி ஓடும் நிலை) கெடாமல் இருக்கும்படி நெரிசல் மேலாண்மைத் திட்டம் வேண்டும். அதுவும் இந்தத் திட்டத்தின் பாதிப்பை மட்டும் பார்த்தால் போதாது. அந்தச் சுற்றளவில் வரும் மற்ற வளர்ச்சிகளின் மொத்தப் பாதிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உரிய துறைகள் அதைச் சரிபார்த்துச் சான்று தர வேண்டும். பத்துப் பத்து ஏக்கராக வந்த அந்த மனைப்பிரிவுகள் எல்லாம் கணக்குக்குள் வரும் ஒரே கதவு இதுதான். அனுமதி ஆணையில் இந்த வாசகம் வழக்கமாக ஒட்டப்படும். அதற்கேற்ற திட்டம் தயாரானதா என்று யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.

பொது விசாரணைக் கூட்டம் நடக்குமா என்று கேட்டிருந்தீர்கள். நடக்காது. 8ஆம் இனத்துக்கு, கட்டடமோ டவுன்ஷிப்போ, பொதுக் கலந்தாய்விலிருந்து விலக்கு இருக்கிறது. சேலத்து மக்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி என்றாலே உச்ச நீதிமன்றம் வரை போன சென்னை–சேலம் எட்டு வழிச் சாலை ஞாபகம் வரும்.  அதே எதிர்பார்ப்போடு கலெக்டர் ஆபீஸில் கூட்டம் எப்போது என்று காத்திருந்தால் அனுமதியே வந்துவிடும். பரிவேஷ் என்ற மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இணையதளத்தில் விண்ணப்பம், படிவம், வரைபடம், நிபுணர் குழுக் கூட்டக் குறிப்பு எல்லாம் கிடைக்கும். அதைப் பார்த்து மாநில ஆணையத்துக்கும் நிபுணர் குழுவுக்கும் இப்போதே எழுத்தில் கொடுங்கள். நிலப் பயன்பாட்டு மாற்றம் இன்னும் முடியவில்லை என்றால் அதுதான் இன்னும் நல்ல இடம்: மாற்றத்துக்கு நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபணை கேட்பார்கள், அங்கேயே பஸ் விஷயத்தைப் பதிவு செய்துவிடலாம். உயரமான கட்டடம் என்றால் போக்குவரத்துக் காவல்துறையின் தடையின்மைச் சான்றும் தேவைப்படும். மனுவின் ஒரு நகல் அங்கேயும் போகட்டும்.

கேள்வியின் கடைசியில் ஏற்காட்டில் ஓர் உறவினர் காபி எஸ்டேட் பக்கம் ரிசார்ட் வருவதைப் பற்றிச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அங்கே கதை வேறு. ரிசார்ட்டுகள் பெரும்பாலும் 20,000 சதுர மீட்டரைத் தொடாது; சுற்றுச்சூழல் அனுமதிக் கோப்பே பிறக்காது. ஏற்காடு வட்டம் 1990இல் அமைந்த மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருகிறது, கேள்வி அங்கேதான். அவர்கள் சரிவு, மண், மரம், நீரோட்டம் பார்ப்பார்கள். 20 கொண்டை ஊசி வளைவில் பஸ் ஏறுமா என்பது அவர்களின் முதல் கவலை இல்லை. ஆனால் மலையில் பஸ்ஸும் சரிவும் ஒன்றுதான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோது குப்பனூர் வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. நாகலூர், மஞ்சக்குட்டை பக்கத்துக் கிராமத்துக்காரர்களுக்கு சேலம் ஆஸ்பத்திரிக்கு வர அந்த பஸ்தான். ஞாயிறு மாலை சுற்றுலா வண்டிகள் இறங்கும் நேரத்தில் மேலே ஏறும் பஸ் வளைவில் காத்துக் கிடப்பதை அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். மே மாதக் கோடை விழாவின்போது கேட்கவே வேண்டாம். எனவே அங்கே மனுக் கொடுப்பவர் எண்ணிக்கையை வார நாளில் எடுக்கக் கூடாது, சனி ஞாயிறில் எடுக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். சாலையை அகலப்படுத்தலாமே என்பார்கள். 1,000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதியில் மாநில நெடுஞ்சாலையை விரிவாக்குவதற்கே அதே 2006 அறிவிக்கையின்படி அனுமதி வேண்டும்.

அனுமதி கிடைத்துவிட்டால் கதை முடிந்ததா என்றால், இல்லை. ஆணை வந்த 30 நாளுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை தருவார்கள். அதற்குப் பிறகு போனால் கதவு மூடியிருக்கும். நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அறிக்கை தர வேண்டும் என்பதும் அறிவிக்கையில் இருக்கிறது. ஐந்து கிலோமீட்டர் நிபந்தனை பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள்.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம், ஒரு பக்கம் போதும். ஒரு வாரம் காலை ஏழு முதல் ஒன்பது வரை நிறுத்தத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை பேருக்கு ஏற இடமில்லை, பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை விட்டு ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லி அதை இணையுங்கள். விண்ணப்பதாரரின் அறிக்கையில் அப்படி ஒரு பக்கம் இருக்க வாய்ப்பே இல்லை. அதற்கு முன்னால் பரிவேஷில் வரைபடத்தை இறக்கி நுழைவாயில் எங்கே வருகிறது என்று பாருங்கள். உங்கள் நிறுத்தத்துக்கு நேரெதிரே இருந்தால் மனுவின் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.